துளசி ஊதப்போன நாள்

கையுறைத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் நின்ற துளசிக்கு அவள் வயிறுதான் எதிரி. எதைத் தின்றாலும் உப்பிக்கொள்ளும், கடமுடா என்று உருளும், உடனே கழிவறைக்கு ஓட்டம். லைனில் நிற்பவர்களுக்கு ஒரு ஷிப்டுக்கு இரண்டு தடவைதான் அனுமதி. இவள் ஏழு தடவை ஓடினாள். நடிக்கிறாள் என்று பேச்சு. சூப்பர்வைசர் இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டுக் கடைசியாகச் சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள ஆஸ்பத்திரி சூராட் கொண்டு வாங்க லா. இல்லாட்டி என்னால ஒன்னும் செய்ய முடியாது."

அந்தச் சூராட்டை, நோய் உண்மைதான் என்று சொல்லும் கடிதத்தை, வாங்க ஒரே ஒரு வழிதான். ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் காத்திருந்த மூச்சுப் பரிசோதனைத் தேதி, நல்லவேளையாக அந்தப் புதன்கிழமையே வந்தது. சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டு அரைமணிக்கு ஒரு தடவை குழாயில் ஊதவேண்டும். பாலிலும் பழத்திலும் உள்ள சர்க்கரை செரிக்காமல் குடலில் புளித்தால் மூச்சே காட்டிக்கொடுத்துவிடுமாம். முதல் நாள் வெறும் சோறும் கோழியும், இரவு முதல் பட்டினி. துளசி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

விடிந்ததும் தஞ்சோங் ரம்புத்தான் பக்கம், தான் பிறந்த எஸ்டேட்டுக்குப் போனாள். ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களும் இடிந்துவிட்டன; முருகன் கோயில் மட்டும் நிற்கிறது. அங்கே கும்பிடாமல் அவர்கள் வீட்டில் யாரும் எந்தக் காரியத்துக்கும் கிளம்பியதில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். இந்தப் பூசாரி உள்ளங்கை நிறையப் பஞ்சாமிர்தம் கொடுத்தார். பிரசாதத்தை யாராவது வேண்டாம் என்பார்களா? கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில், சர்க்கரைத் தண்ணீர் தருவதற்கு முன் ஊதிய முதல் ஊதலிலேயே கருவியில் எண் எகிறியது. தாதி அஃப்சானா முகத்தைச் சுருக்கினாள்.

"அக்கா, காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"பச்சைத் தண்ணிகூட பல்லுல படல மிஸ்ஸி. சாமி பிரசாதம் மட்டும்தான்."

"என்ன பிரசாதம்?"

"பஞ்சாமிர்தம்."

சொன்ன பிறகுதான் வாழைப்பழமும் பேரீச்சையும் தேனும் துளசிக்கு உறைத்தன. பிரசாதத்தை அவள் ஒருநாளும் சாப்பாடாக நினைத்ததில்லை.

"இன்னிக்குச் செய்ய முடியாதுக்கா. அடுத்த தேதி இன்னும் பல மாசம் கழிச்சு பிப்ரவரியிலதான் இருக்கு."

"வந்தேன்னு ஒரு சூராட் மட்டும் கொடுங்க மிஸ்ஸி. வேலை போயிரும்" என்று துளசி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அஃப்சானா மனம் இளகி, டாக்டரிடம் போய்க் கேட்டு வாங்கிவந்தாள்.

வாசலுக்கு வந்து துளசி பிரித்துப் படித்தாள். நோயாளி வந்தார், பட்டினி இருக்கச் சொன்னதை மீறியதால் பரிசோதனை நடக்கவில்லை என்று எழுதியிருந்தது. முத்திரையும் கையெழுத்தும் சரியாக இருந்தன. இதைக் கொடுத்தாலும் வேலை போகும், கொடுக்காவிட்டாலும் போகும்.