மோர் கேட்ட அக்கா

அக்காவின் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதான பிறகு, தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மோர் கூடவே கூடாது. சித்திரை வெயிலில் எங்கள் இணுவில் வீட்டுக்குள் இருக்க முடியாது. நாக்கு வறண்டு கிடந்த அக்கா வேறெதையும் கேட்கவில்லை, மோர் மட்டுமே கேட்டாள்.

"ஒரு மிடறு தாடா தம்பி."

"டொக்டர் குடுக்க வேண்டாமாம் அக்கா."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் மறந்து மறுபடி கேட்பாள்.

அத்தான் போன பிறகு அந்த வீட்டில் அக்காவும், கலியாணம் செய்யாத நானும்தான். அக்காவின் மகள் டென்மார்க்கில், வயிற்றில் இரண்டாவது பிள்ளையோடு. விமானம் ஏறக் கூடாது. மகன் பிரான்சில், அகதி வழக்கு முடியாததால் நாட்டுக்குத் திரும்ப முடியாது. இருவரும் போனில்தான் தாயைப் பார்த்தார்கள்.

டென்மார்க்கில் இருக்கும் பேரன் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அக்காவை "மோர்மோர்" என்றுதான் கூப்பிடுவான். முதல் தடவை கேட்டபோது அக்கா, "மோர் வேணுமோ என்ரை ராசாவுக்கு? வா, கரைச்சுத் தாறன்" என்றாள். மகள் சிரித்துச் சிரித்து விளக்கினாள்: "அம்மா, அவன் உங்களைத்தான் கூப்பிடுறான். இஞ்ச மோர் எண்டா அம்மா. அம்மான்ரை அம்மா மோர்மோர்." அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அயல் வீடெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு குடும்பங்களும் ஒன்றாக வட்ஸ்அப்பில் வந்தார்கள். அக்காவின் தலையைத் தூக்கித் தலையணையில் சாய்த்து, போனை முகத்துக்கு நேரே பிடித்தேன். அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"மோர்... மோர்..."

டென்மார்க்கில் பேரன் துள்ளிக் குதித்தான். தன்னுடைய அம்மம்மா தன் மொழியில் பேசுகிறாள் என்று அவனுக்குச் சந்தோஷம். அவனும் "மோர்மோர்! மோர்மோர்!" என்று கத்தினான். அக்கா திரும்பவும் சொன்னாள். அவன் கைதட்டினான்.

அதே நேரம் பாரிசில் மகனின் சின்னப் பெண் தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள். பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அவன் முகம் கறுத்துவிட்டது.

"என்னடா? ஏன் பிள்ளை அழுறாள்?"

"இஞ்சத்தைப் பாஷையில மோர் எண்டா சாவு, மாமா. அப்பம்மா ஏன் செத்துப்போச்சு, செத்துப்போச்சு எண்டு சொல்லுறா எண்டு கேக்கிறாள்."

ஒரு பக்கம் கைதட்டல், மறு பக்கம் அழுகை. நடுவில் அக்கா தாகத்துக்குக் கேட்டுக்கொண்டேயிருந்தாள். அக்காவின் மகள்தான் கடைசியில் கேட்டாள்: "அம்மாவுக்கு உண்மையா என்ன வேணுமாம் மாமா?"

"குடிக்க மோர் கேக்கிறா பிள்ளை."

"அப்ப குடுங்கோவன்!"

"ஏலாதாம்."

அவள் கமராவைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அந்தக் கிழமைக்குள்ளேயே அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டி வந்தது. டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வீட்டை கொண்டு போங்கோ. விரும்பினதைக் குடுங்கோ" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கியது. ஓட்டோவில் அவளை மடியில் சாய்த்தபடி வந்தேன்.

பக்கத்து வீட்டில் தயிர் வாங்கி, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப் போட்டு, அவள் கரைப்பது போலவே கரைத்தேன். கரண்டியால் ஊட்டினேன். ஒரு மிடறு உள்ளே போனது. முகத்தைச் சுளித்தாள்.

"உது என்ன?"

"மோர் அக்கா. நீங்கள் கேட்ட மோர்."

"மோர் எண்டா?"

நான் கிண்ணத்தைக் காட்டினேன். சொல்லிப் பார்த்தேன். என்னை யாரோ அந்நியனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள். அதன் பிறகு அவள் எதுவுமே கேட்கவில்லை. இரண்டு நாளில் போய்விட்டாள்.

கொள்ளி வைத்தது நான்தான். அந்தியேட்டியன்று சாம்பல் கரைக்கக் கீரிமலைக் கடலில் இறங்கி நின்றபோது, அக்காவின் மகன் போனில் பார்த்துக்கொண்டிருந்தான். காற்று இரைச்சலில் அவன் அழுதது கேட்கவில்லை. வாய் கோணியது மட்டும் தெரிந்தது. பிறகு லைன் அறுந்துவிட்டது.

இப்போதும் இடைக்கிடை போன் எடுக்கிறார்கள். பெரியவர்கள் சுகம் விசாரித்து முடித்ததும் பிள்ளைகளை முன்னால் இழுத்து விடுகிறார்கள். அவர்கள் கை அசைக்கிறார்கள். நானும் அசைக்கிறேன். அதற்கு மேல் அவர்களுக்கும் எனக்கும் கதைக்க ஒன்றுமில்லை. எழும்பிப் போய்விடுகிறார்கள், வெறும் கதிரை தெரிகிறது.