வாடகைக்கு எடுத்த நாற்காலிகள்

நன்கொடை கேட்டு மனு எழுதுவதில் நான் கெட்டிக்காரி என்று எங்கள் அலுவலகத்தில் பேச்சு. அலுவலகம் என்றால் கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டை ஒட்டி, உரக்கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. யூரியா நெடி படியேறி வந்து ஃபைல்களில் உட்கார்ந்திருக்கும். பேசுகிறவர்கள் என்றால் இரண்டு பேர்: தலைவராக இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார், வேன் ஓட்டுகிறவர். மூன்றாவது ஆள் நான். மூவரில் இங்கிலீஷில் நாலு வரி எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் கெட்டிக்காரப் பட்டம் என் தலையில் கட்டப்பட்டது.

எங்கள் வேலை சின்னது. பாகூர் பக்கத்துக் கிராமங்களில் கிட்னி போனவர்களை வாரம் இரண்டு முறை பாண்டிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விடுவது. டயாலிசிஸ் இலவசம்தான். போய் வருவதுதான் பாடு. நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு எழுந்தவருக்குக் கால் துவளும், கண் இருட்டும். அவரை பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்று வா என்றால் இரண்டு மாதம் வருவார். மூன்றாம் மாதம், 'இந்த வாரம் ஒடம்பு பரவால்ல' என்று வீட்டிலேயே படுத்துக்கொள்வார். அப்படிப் படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுந்தவர்களைப் பார்த்ததில்லை.

எங்கள் வேன் யாரோ ஓட்டித் தேய்த்துவிட்டு தானமாகக் கொடுத்தது. ஒரு சித்திரை வெயிலில் நடுரோட்டில் நின்றது. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, "இதுல இன்னா இருக்குது மேடம், எடைக்குப் போட்டுடுங்க" என்றார். அப்போதுதான் அந்தக் குடும்ப அறக்கட்டளைக்கு மனு போட்டோம். சென்னையில் வசதியான ஒரு குடும்பம், இறந்துபோன அப்பாவின் பெயரில் நடத்துவது. வருடத்துக்கு ஒரு தடவைதான் மனு வாங்குவார்கள், ஒரு தடவைதான் குடும்பமாகக் கூடி முடிவு செய்வார்கள். அதில் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. உங்களால் பயன்பெறுகிறவர்களில் மிகவும் கஷ்டப்படும் ஒருவரைப் பற்றி எழுதுங்கள், அவர் வீட்டுக்கு நேரில் வருவோம். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அபிஷேகப்பாக்கத்தில் ஒருவர் இருந்தார். சென்ட்ரிங் வேலை பார்த்தவர், மூன்றாவது மாடிக்கு ஒற்றை ஆளாகப் பலகை ஏற்றிய உடம்பு. நாற்பது வயதுக்குள் இரண்டு கிட்னியும் போய்விட்டன. மனைவி களையெடுப்புக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் போய்க் குடும்பத்தை ஓட்டினாள். காலையில் ஒரு பாட்டிலில் தண்ணீர் அளந்து வைப்பாள். மாத்திரை விழுங்குவது உட்பட அன்று முழுக்க அவருக்கு அவ்வளவுதான்; மேலே போனால் உடம்பில் நீர் தங்கிவிடும். வேன் நின்றபின் அவர் தவளக்குப்பம் வரை நடந்து பஸ் ஏறிக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒன்று தவற ஆரம்பித்திருந்தது.

இதையெல்லாம் எழுதினேன். வீட்டுக் கூரை ஒழுகுவதை எழுதினேன். விற்ற பாத்திரங்களை எழுதினேன். வேன் இல்லாவிட்டால் அடுத்த பொங்கலை இவர் பார்க்க மாட்டார் என்றும் எழுதினேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் எதையும் அவரிடம் கேட்கவில்லை. அவர் சாகப்போகிறார் என்று அவருக்கே தெரியாமல், அவருக்குப் புரியாத பாஷையில் எழுதி அனுப்பிவிட்டு, நல்லா வந்திருக்கிறது என்று டீ குடித்தேன்.

ஆடி மாதம் ஒரு நாள், வியாழக்கிழமை வருகிறோம் என்று போன் வந்தது. உடனே அவர் மனைவியைக் கூப்பிட்டேன்.

"யாருக்கா வர்றாங்க?" என்றாள்.

"வேன் குடுக்கறவங்கம்மா. மெட்ராஸ்லேர்ந்து பெரிய மனுசங்க. வூட்டைக் கொஞ்சம் நீட்டா வெச்சிரு."

அவ்வளவுதான் சொன்னேன். யாராவது வருகிறார்கள் என்றால் என் மகளிடமும் அதைத்தான் சொல்வேன். வாய் பழகிப்போன ஒரு வாக்கியம்.

வியாழக்கிழமை அவர்களோடு போய் இறங்கியபோது வீடு அடையாளமே தெரியவில்லை. சுவரில் புதுச் சுண்ணாம்பு. வாசலை அடைத்துக் கலர் கோலம். ஒழுகும் இடத்தை மறைத்து யாரோ கல்யாணத்துக்கு வாங்கிய பூப்போட்ட துணியைக் கட்டியிருந்தார்கள். டெக்கரேஷன்காரரிடம் வாடகைக்கு எடுத்த நான்கு சிவப்பு நாற்காலிகள். எதிர்வீட்டு டேபிள் ஃபேன் சுழன்றது. அவள் கழுத்தில் யாருடையதோ கவரிங் செயின். தெருவே சேர்ந்து அந்த வீட்டை ஜோடித்திருந்தது. அவர் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையைப் பட்டன் பூட்டி நின்றார். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கை அந்தச் சட்டைக்குள் இருந்தது.

அவர் எப்போதும் அழகான மனிதர்தான். அன்றைக்கு மாப்பிள்ளை மாதிரி இருந்தார். நான் மனுவில் எழுதிய ஆள் மாதிரி இல்லை.

வந்தவர், அறக்கட்டளைக்குப் பெயர் தந்த அந்த அப்பாவின் மகள். ஐம்பது வயதிருக்கும். நல்ல மாதிரி, பந்தா கிடையாது. கூட ஒரு ஆள் டேப்லெட்டில் குறித்துக்கொண்டே வந்தார். தட்டில் மிக்சர் வந்தது, டம்ளரில் ஆரஞ்சுக் கலர் சோடா வந்தது. "நீங்களும் எடுத்துக்குங்க, அப்பதான் நான் குடிப்பேன்" என்றார் அந்த அம்மா, அன்பாகத்தான். வீட்டுக்காரர் மறுக்கவில்லை. முழு டம்ளரையும் குடித்தார். அவர் மனைவியின் கண் அந்த டம்ளரிலேயே இருந்தது. அவள் மனதில் பாட்டிலில் எத்தனை விரற்கடை குறைந்தது என்று எனக்குத் தெரியும்.

"உங்களுக்கு என்ன கஷ்டம்னு சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

"கஷ்டம் ஒண்ணும் இல்லம்மா. ஆண்டவன் புண்ணியத்துல நல்லாத்தான் கீறோம்."

"பஸ்ல போறது சிரமமா இல்லையா?"

"அதெல்லாம் பழகிப்போச்சிம்மா. நீங்க மிச்சர் எடுத்துக்குங்க."

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவர் வீட்டில், அவர் மனைவிக்கு எதிரில், 'இவர் சொல்வது பொய், இவர் செத்துக்கொண்டிருக்கிறார்' என்று எப்படிச் சொல்வது? இது நான் பிற்பாடு கண்டுபிடித்த சமாதானம். உண்மையில் அந்த நிமிஷம் எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. எங்கள் ஆட்கள் எவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள், பார்த்துக்கொள்ளட்டும் என்று. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

ஆவணியில் மெயில் வந்தது. நேரில் கண்ட நிலைமையும் விண்ணப்பத்தில் சொல்லியிருந்ததும் ஒத்துப்போகவில்லை, இதைவிடத் தேவை அதிகமுள்ளவர்களுக்கு இந்த வருடம் கொடுக்கிறோம், அடுத்த வருடம் மறுபடி அனுப்பலாம். நான் பொய் சொன்னேன் என்பதை இவ்வளவு நாகரிகமாக யாரும் சொன்னதில்லை. விளக்கி இரண்டு பக்கம் பதில் எழுதினேன். நன்றி என்று ஒரு வரி வந்தது. வாத்தியாரிடம் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நல்ல சட்டை போட்டது ஒரு குத்தமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அபிஷேகப்பாக்கத்துக்கு நானே போய்ச் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. இந்த வருடம் இல்லை என்றுவிட்டார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவள் என் பின்னாலேயே தெருமுனை வரை வந்தாள்.

"நாம எதுனா கொற வெச்சிட்டமாக்கா? கலரு அவங்களுக்குப் புடிக்கலியா?"

"அதெல்லாம் இல்லம்மா" என்றேன். பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் அந்தப் பக்கம் ரோடு முழங்கால் தண்ணீரில் கிடந்தது. அடுத்தடுத்து இரண்டு முறை டயாலிசிஸ் தவறியது. உடம்பில் தங்கிய நீர் நெஞ்சுக்கு ஏறியது. விடிந்து பால்காரர் வரும் நேரத்தில் அவள் போன் செய்தாள், மூச்சு வாங்குது அக்கா என்று. நான் பஸ்ஸுக்கு நிற்கும்போதே பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். தவளக்குப்பம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. பொங்கலுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. நான் எழுதியதுதான் நடந்தது. அறக்கட்டளைக்கு அதையும் ஒரு மெயிலாக எழுதலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததற்காகவே அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேன் இல்லாததால் பேஷண்டுகளை பஸ்ஸில் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக ஆள் தேவைப்பட்டது. காரியம் முடிந்து மூன்று மாதம் கழித்து அவர் மனைவியைக் கேட்டேன். வந்தாள். தலை சுற்றுகிறவரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வருடம் மறுபடி மனு. இந்தத் தடவை கரியமாணிக்கத்தில் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினேன். கணவர் குத்தகை நிலத்தில் கரும்பு போட்டிருந்தார். அவர்கள் வருகிற நாளன்று காலையிலேயே அபிஷேகப்பாக்கத்துக்காரியையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். நான் பயந்தபடியேதான் இருந்தது. கோலம், புதுப்புடவை, சிவப்பு நாற்காலிகள் நாலு.

"சேரையெல்லாம் பின்பக்கம் கொண்டுபோய்ப் போடுங்க" என்றேன். "ஃபேன் வேணாம். பழைய பொடவை கட்டிக்கம்மா, கை தெரியணும். யாருக்கும் ஒண்ணும் குடுக்கக் கூடாது. கஷ்டம் இருக்குதான்னு கேட்டா இருக்குதுன்னு சொல்லணும்."

கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. "வூட்டுக்கு வர்றவங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுக்கக் கூடாதா? நாங்க இன்னா பிச்சக்காரங்களா?"

"வேன் வேணுமா, மரியாத வேணுமா?" என்றேன். அந்த மனிதரிடம் அப்படிப் பேசினேன். அவர் போய் ஃபேனின் வயரைப் பிடுங்கினார். என்னோடு வந்தவள் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கித் தூக்கிப்போனாள்.

அதே அம்மாதான் வந்தார். பாயில் உட்கார்ந்தார். அந்தப் பெண்ணின் புடைத்த கையைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கினார். வெயிலில் வந்ததில் அவருக்கு இருமல் வந்தது. வீட்டுக்காரர் தண்ணீருக்காக என் முகத்தைப் பார்த்தார். நான் வேண்டாமென்று தலையசைத்தேன். பத்து நிமிஷம்தான். வாசலில் இறங்கும்போது அந்த அம்மா தமிழில், "கவலைப்படாதீங்க, வேன் வந்துரும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி இங்கிலீஷில், இந்தத் தடவை சரியான குடும்பத்தைக் காட்டினீர்கள் என்றார். பக்கத்திலேயே அவள் நின்றிருந்தாள். போன வருடம் அவள் கையால் கலர் வாங்கிக் குடித்தவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

கார் போனபிறகு நானும் அவளும் பின்பக்கம் போய், வாடகை நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கத் தூக்கினோம். ஆளுக்கு இரண்டு. பாதி தூரத்தில் அவள் நின்றாள்.

"இவ்ளோதானாக்கா?" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி, "எதும்மா?" என்றேன்.

"சேரை எடுக்கறதுதானா? அன்னிக்கி ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எடுத்திருப்பேனே."

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஒரு சந்தேகம் கேட்பது மாதிரிதான் கேட்டாள். நான் பதில் சொல்லும்வரை நாற்காலிகளைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.