நெரிஸ் மொட்டையடித்த மரங்கள்

நெரிஸ் கிட்டின்ஸின் வண்டிப் பக்கவாட்டில் 'மர மருத்துவர்' என்று பச்சை எழுத்தில் எழுதியிருக்கும். ஸ்டோக்கம் ஊரில் கேலிக்குத் தவிர யாரும் அவளை அப்படிச் சொன்னதில்லை. மரம் வெட்டுறவள் என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கயிற்றில் தொங்கி வேலை செய்ததில் அவள் தோள்கள் ஆண்பிள்ளைத் தோள்களாக ஆகியிருந்தன. அவளைக் கேட்டால், அந்த வேலையில் பாதி மரத்தோடு, பாதி மரத்துக்குச் சொந்தக்காரரோடு, மரத்தோடு உள்ள பாதிதான் சுலபம் என்பாள்.

ஒருவர் டிவி தெரியவில்லை என்று மரத்தின் தலையை எடுக்கச் சொல்வார். இன்னொருவருக்கு மழைநீர்க் குழாயில் இலை அடைக்கிறது. தோட்டத்தில் நின்று அவர்கள் கொடுத்த டீயைக் குடித்தபடி அவள் பொறுமையாகச் சொல்லுவாள். மொட்டையடித்தால் மரம் சின்னதாகிவிடாது. பட்டினி கிடந்தது மாதிரி கண்ட இடத்தில் முளைவிட்டு, நாலைந்து வருஷத்தில் பழைய உயரத்துக்கு வந்து நிற்கும். ஆனால் அந்தக் கிளைகளுக்கு உள்பிடிப்பு இருக்காது, வெட்டிய இடம் வழியாக அழுகல் இறங்கும், வேர் சாப்பாடில்லாமல் கிடக்கும். சிலர் கேட்பார்கள். சிலர் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, எப்ப வர்ற?" என்பார்கள்.

கிளமென்ட் ஹாலம் இரண்டாவது ரகம். முப்பது வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஊரில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஓட்டப் பழகினார்கள், நெரிஸும்தான். மனைவி போனபிறகு தனியாக இருந்தார். அவர் வீட்டு முன்மூலையில், வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு சிகமோர் மரம் நின்றது. வீட்டைவிட வயதில் மூத்தது.

ஒரு பிப்ரவரிப் புயலில் தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த ஊசியிலை மரம் ஒன்று சாய்ந்து, ஒரு கொட்டகையை இரண்டாகப் பிளந்துவிட்டது. அன்றிலிருந்து கிளமென்ட் மாடியில் படுப்பதை விட்டுவிட்டார். கீழே சோபாவில், கோட்டும் ஷூவும் போட்டபடியே தூங்கினார், அதாவது தூங்கப் பார்த்தார். நெரிஸைக் கூப்பிட்டு அனுப்பியபோது அவர் கன்னம் ஒட்டி, ஒரு வாரத் தாடியோடு இருந்தார்.

அவள் மரத்தில் ஏறிக் கடைசிக் கிளைவரை பார்த்தாள். அடியைத் தட்டிப் பார்த்தாள். ஒரு குறையும் தெரியவில்லை.

"மரத்துக்கு ஒண்ணுமில்ல, மிஸ்டர் ஹாலம். உங்களைவிட ஆரோக்கியமா இருக்கு."

"நீ ஒரு ராத்திரி இங்க படுத்துப் பாரு, டாக்டர். அப்புறம் சொல்லு."

நுனிகளை மட்டும் கொஞ்சம் கழித்துக் காற்றுக்கு வழிவிடுகிறேன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பாதி உயரம் போகணும் என்பதில் அவர் நின்றார். அவள் செய்யாவிட்டால் பக்கத்து ஊரிலிருந்து ஏணியும் ரம்பமுமாக ஒருவன் சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு என்றும் சொன்னார். அவன் வந்து கண்டபடி கொத்திவைப்பதைவிட நாமே சுத்தமாக வெட்டிவிடலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆறு மணி நேரம் ஆயிற்று. கீழே இறங்கி நிமிர்ந்து பார்த்தபோது, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் வெள்ளை வெள்ளையாகப் பதினோரு வெட்டுவாய்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் அவற்றை அதிக நேரம் பார்க்கவில்லை.

கிளமென்ட் அன்றே மாடிக்குப் போய்ப் படுத்தார். மறுவாரம் இஞ்சிக் கேக் ஒன்றைத் தாமே செய்து எடுத்துவந்தார். அவள் வாங்கிச் சாப்பிட்டாள்.

எட்டு வருஷத்தில் மரம் துடைப்பம் துடைப்பமாகத் தழைத்தது. டாக்டர் சொன்ன எதுவும் நடக்கவில்லை என்று கிளமென்ட் மதுக்கடையில் எல்லோரிடமும் சொன்னார். அதைக் கேட்டுச் சிலர் நெரிஸிடம் வந்து, ஹாலம் வீட்டில் செய்தது மாதிரி எங்களுக்கும் செய் என்றார்கள். சிலரிடம் மாட்டேன் என்றாள். சிலரிடம் சொல்ல முடியவில்லை. அங்கே செய்தாயே என்று கேட்டார்கள், அவள் கயிற்றை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்பதாம் வருஷம் செப்டம்பரில், முளைகள் ஜன்னலைத் தொடுகின்றன, வந்து கழித்துவிட்டுப் போ என்று கிளமென்ட் கூப்பிட்டார். அவள் கயிற்றோடு போனாள். ஏறுவதற்கு முன் அடியைச் சுற்றிவந்தாள். தெருப் பக்கம், இரண்டு வேர்களுக்கு நடுவே, தார் கொட்டிக் காய்ந்த மாதிரி கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். கரி போல உதிர்ந்தது. மரச் சுத்தியலால் தட்டினாள். காலி அட்டைப்பெட்டியைத் தட்டுகிற சத்தம். அண்ணாந்து பார்த்தால் இலை அடர்ந்து, பச்சைப் பசேலென்று ஒரு வாட்டமும் இல்லை. அந்தக் கறுப்பு, பட்டினி கிடந்த வேர் வழியாக ஏறுகிற ஒரு பூஞ்சை. அதன் குணமே அதுதான். மேலே எதையும் காட்டாமல் அடிக்கட்டையைப் பீங்கான் போலப் பட்டென்று உடைவதாக்கிவிடும்.

அவள் கயிற்றை வண்டியில் திரும்பப் போட்டுவிட்டு, மரத்தை அடியோடு எடுக்கவேண்டும், அதுவும் ஏறாமல், கிரேன் வைத்து எடுக்கவேண்டும் என்றாள்.

கிளமென்ட் சிரித்தார். "அன்னிக்கு நல்லா இருக்கு, வெட்டாதேன்ன. இன்னிக்கு வெட்டணும்ங்கிற. நான் எதைச் சொன்னாலும் எதிர்ப்பக்கம்தான் நிப்பியா? ஓட்டக் கத்துக்கறப்பவும் இப்படித்தான், இடதுன்னா வலது."

"இதைக் கொன்னது நான்தான், மிஸ்டர் ஹாலம். கேட்டது நீங்க. வெட்டினது நான்."

அவர் முகம் மாறியது. தினமும் இதன் அடியில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறேன் என்றார். புறா கூடு கட்டியிருக்கிறது என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் நகராட்சிக்கு எழுதினாள். அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, தலையை ஆட்டி, இருபத்தொரு நாளில் மரத்தை அகற்றவேண்டும் என்று கிளமென்ட்டுக்குக் கடிதம் அனுப்பினார். நெரிஸ் மறுபடி கிளமென்ட்டிடம் போனாள். கனம் வீட்டுப் பக்கம் அதிகம், விழுந்தால் மாடி அறைமேல்தான் விழும் என்று கணக்குப் போட்டு, படுக்கையையாவது மாற்றுங்கள் என்று கெஞ்சினாள். முணுமுணுத்துக்கொண்டே அவர் படுக்கையைக் கீழே இறக்கினார். தெருப் பக்கம் நடைபாதையை மறித்து அவள் சிவப்பு வெள்ளை நாடா கட்டினாள். மூன்றாம் நாள் அதைக் காணோம். மறுபடி கட்டினாள். மறுபடியும் காணோம். காலையில் வேலைக்குப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் மரத்தைத் தூரத்தில் நின்று பார்த்தாள். ஒவ்வொரு நாளும் அது இன்னும் பச்சையாக இருப்பதாகப் பட்டது.

பத்தொன்பதாம் நாள் அக்டோபர்ப் பனி. ஒரு இலைகூட அசையாத காலை. இரண்டு தெரு தள்ளி வேலி கத்தரித்துக்கொண்டிருந்த நெரிஸுக்கு, லாரியிலிருந்து மண் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவள் மெஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

மரம் வீட்டுப் பக்கம் விழவில்லை. தெருவில் கிடந்தது. அடிக்கட்டை தட்டு உடைந்த மாதிரி சமமாக முறிந்திருந்தது. எதிர்வீட்டு டார்கஸ் ப்ரீஸ், தபால் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவள், பத்து மணிக்கு நாயோடு நடக்கப் போகிறவள், இலைகளுக்கு அடியில் கிடந்தாள். நெரிஸ் வண்டியிலிருந்து ரம்பத்தைக் கொண்டுவரச் செய்து, ஒவ்வொரு கிளையாக அறுத்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் டார்கஸின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது நிமிஷம். நடுவில் ஒரு தடவை டார்கஸ் கண் திறந்தாள்.

"நாய் எங்க?"

"கிளமென்ட்கிட்ட இருக்கு. பேசாதீங்க."

உண்மைதான். கிளமென்ட் வாசலில் நாயைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தார். யாரோ அவரை உட்காரச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை.

டார்கஸ் பிழைத்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. போலீஸ் விசாரித்தபோது கிளமென்ட் கோட்டுப் பையிலிருந்து கசங்கிய நாடாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ரெண்டு தடவையும் நான்தான் அவுத்தேன். பார்க்க அசிங்கமா இருந்துச்சு." அதற்குப் பிறகு நெரிஸைக் கேட்டார்கள். எட்டு வருஷத்துக்கு முன் நடந்ததை அவளாகவே முதலிலிருந்து சொன்னாள். கேட்காததையும் சொன்னாள். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, இதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை என்றார். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

அந்த வாரம் அவள் பழைய வேலைக் குறிப்புகளை எல்லாம் எடுத்து உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில், தெரிந்தே, கேட்டார்கள் என்பதற்காக அவள் மொட்டையடித்தவை பதினேழு மரங்கள். அவற்றில் நாலு ஏற்கெனவே இல்லை. மிச்சம் பதிமூன்று. புது வேலைகளை ஒத்திப்போட்டுவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினாள். சிலர் உள்ளே விட்டார்கள். ஒருவர், முதலில் பணம் வாங்கிக்கொண்டு கெடுத்தாய், இப்போது பயமுறுத்தி வாங்கப் பார்க்கிறாயா என்று கேட்டார். காசு வேண்டாம், பார்க்க மட்டும் விடுங்கள் என்றாள். விடவில்லை. பார்த்த ஏழில் ஐந்து நன்றாக இருந்தன. இரண்டை உடனே எடுக்கச் சொன்னாள்.

ஒன்பதாவது, ஆற்றோரம் ஒரு பாப்ளர் மரம். அவள் வெட்டியபோது அது ஒரு கிழவரின் தோட்டத்தில் நின்றது. இப்போது அந்த வீடு குழந்தைகள் காப்பகமாகியிருந்தது. மரத்தடியில் மணல்தொட்டி, இரண்டு ஊஞ்சல். நடத்துகிற பெண், பிரையனி என்று பெயர், நெரிஸைச் சந்தோஷமாக உள்ளே அழைத்தாள். இந்த நிழலுக்காகத்தான் இந்த இடத்தையே எடுத்தோம் என்றாள்.

நெரிஸ் மணல்தொட்டியைத் தாண்டிப் போய் அடியில் குனிந்தாள். ஒரு தடவை தட்டினாள். கொஞ்சம் நகர்ந்து இன்னொரு தடவை. பிறகு எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டாமலே திரும்பி வந்தாள். உள்ளே மணி அடித்தது. கதவுக்குப் பின்னால் குழந்தைகள் வெளியே வர வரிசை கட்டுகிற சத்தம் கேட்டது.

"பிரையனி, அந்தக் கதவைத் திறக்காதீங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"முதல்ல பூட்டுங்க. சொல்றேன்."