ஸ்னோ ஸ்ப்ரே இல்லாத ரிசப்ஷன்

இத எழுதாமலே வுட்டுருப்பேன். பத்தாவது பரீட்சைலகூட நான் இவ்ளோ எழுதுனதில்ல. ஆனா அவன் கல்யாணப் பேச்சு வந்தாலே பசங்க என்னையதான் ஓட்டறானுங்க. அவனுங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.

அவன் என் ஃப்ரெண்டு. நெய்வேலில ஒரே பிளாக்ல வளந்தோம். சின்னதுலேர்ந்தே அவனுக்கு ஆஸ்துமா. காலைலயும் ராத்திரியும் இன்ஹேலர் இழுத்துட்டு வாய் கொப்புளிப்பான். பைக்ல போவும்போது முன்னாடி சாம்பல் லாரி போனா வண்டிய ஓரங்கட்டிடுவான். அதனால எந்தப் படத்துக்கும் நாங்க டைட்டில் பாத்ததே இல்ல.

"நல்லாதானடா இருக்க, தெனமும் எதுக்கு இழுக்கற?"ன்னு வம்பிழுப்பேன்.

"தெனமும் இழுக்கறதாலதான்டா நல்லா இருக்கேன்"பான்.

கல்யாணத்துக்கு முன்னாடி என்கிட்ட வந்தான். "மேடைல ஸ்னோ ஸ்ப்ரே மட்டும் வேணாம்டா. அந்த நெடி பட்டா இழுப்பு வந்துடும். பசங்கள நீதான் பாத்துக்கணும்."

என்கிட்டயா! எங்க செட்டுல எவன் கல்யாணம்னாலும் மாப்ளய நுரைல குளிப்பாட்டறதே நான்தான். "மூச்சு வுடத் தெரியாதவன்லாம் கல்யாணம் பண்ணிக்கினு..."ன்னு ஓட்டிட்டுதான் அனுப்பினேன். ஆனா ரிசப்ஷன் அன்னிக்கு மந்தாரக்குப்பம் மண்டப வாசல்ல நின்னுக்கினு ஒவ்வொருத்தன் பாக்கெட்டா தடவி டப்பாவப் புடுங்கினேன். "அட துரோகி, நீயாடா?"ன்னானுங்க.

பொண்ணு வூட்டு ஆளுங்கள எப்படித் தடவறது? பொண்ணோட தம்பி மேடையேறி, வேட்டி மடிப்புலேர்ந்து ஒரு டப்பாவ எடுத்து ஆட்டினான். ஓடிப்போயி குறுக்க பாஞ்சேன். மொத்த நுரையும் என் மூஞ்சில.

நெடி கொஞ்சம் அவனுக்கும் போயிடுச்சு. இரும ஆரம்பிச்சான். அவன் பதறவே இல்ல. மேடைக்குப் பின்னாடி போயி உக்காந்து, கோட்டுப் பாக்கெட்லேர்ந்து அவசரத்துக்குன்னு வெச்சிருக்கற நீலக் கலர் இன்ஹேலர எடுத்து, நிதானமா இழுத்து, மூச்ச அடக்கி வுட்டான். பொண்ணு அவன் மாலைய ஒதுக்கிப் புடிச்சுக்கினு தம்பிய மொறைச்சுச்சு. அதுக்கு எல்லாம் தெரியும். நிச்சயத்துக்கு முன்னாடியே சொல்லிட்டான்.

கொஞ்ச நேரத்துல இருமல் அடங்குச்சு. சிரிச்சுக்கினு மறுபடி மேடையேறிட்டான்.

நான் கண்ணத் தொடச்சுக்கினு, "மாப்ள, எவன் மேலயும் நுரை அடிக்காம நான் வூட்டுக்குப் போற மொத கல்யாணம் உன்னுதுதான்டா"ன்னேன்.

"உன் கல்யாணம் வரட்டும்டா, மாஸ்க் போட்டுக்கினாவது வந்து அடிக்கறேன்."