அத்தையின் கையில் நீல நூல்

எர்ணாவூரில் எங்கள் பிளாக்குக்கே பொழுதுபோக்கு அத்தையின் கைதான். நான் அப்போது நான்காம் வகுப்பு. அப்பாவின் தங்கையான அவருக்கு முழங்கைக்குக் கீழே தோலுக்குள் ஏதோ ஊர்வதுபோல் அரிக்கும். சொறிந்த புண்ணில் மயிரைவிட மெல்லிய நீல நூல் வரும். அதைத் தீப்பெட்டியில் சேர்த்து வைப்பார். மணலி ஆலைப் புகைதான் காரணம் என்றார் அம்மா. சித்தப்பாவோ, "வலை பின்றவ கைல நூல் வராம நெத்திலியா வரும்?" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சீனியர் டாக்டர் தீப்பெட்டியைத் திறக்கவேயில்லை.

"வெளியிலேர்ந்து ஒட்டுற நூல்மா இது. அரிப்புக்கு மனசுதான் காரணம்."

பக்கத்திலிருந்த இளம் டாக்டரம்மா விடவில்லை. "தோல்லயே உருவாகுதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க சார். இன்னும் முடிவாகல."

பிறகு இருவரும் இங்கிலீஷில் மோதினார்கள். அத்தைக்குப் பிடிபட்ட ஒரே சொல் 'மெண்டல்'.

"இன்னா சார், நான் லூசா? கையக் கட்டி சீல் வெச்சுடு. நூல் வர்தா இல்லியான்னு நீயே தொறந்து பாரு."

சீனியரே வெள்ளைத் துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் ஒட்டி, கையெழுத்தும் போட்டார். அந்தக் கத்திரி வெயிலில் அத்தை அரிப்பு தாங்காமல் கையைச் சுவரில் இடித்துக்கொண்டாரே தவிர, கட்டின்மேல் நகம் வைக்கவில்லை. வலைப் பக்கமும் போகவில்லை. "அவுத்து எறிம்மா, பாக்க முடியல" என்று அம்மா கெஞ்சினார்.

"அவுத்தா நான் மெண்டல்னு ஆய்டும் அண்ணி."

நான் பிளாக் பசங்களிடம் அத்தை கட்சியில் பந்தயமே கட்டியிருந்தேன்.

அடுத்த வாரம் பிரித்தார்கள். லென்சுக்குக் கீழே, புண்ணுக்குள் ஒரு நீல நூல். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முன்னாடியே உள்ள மாட்டியிருக்கும்" என்றார் சீனியர்.

"இப்ப வந்திருக்கவும் சான்ஸ் இருக்கே சார்" என்றார் டாக்டரம்மா.

மறுபடி இங்கிலீஷ். நடுவில் டாக்டரம்மா சட்டென்று நிறுத்தி, அத்தை பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்க நல்லா தூங்கி எவ்ளோ நாளாச்சு?"

அத்தை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். கட்டோடு தவித்த நாளெல்லாம் அழாதவர், அங்கே தேம்பித் தேம்பி அழுதார். சீனியர்கூட பேனாவை மூடிவிட்டார்.

எனக்குச் செம கடுப்பு. நூலைக் காட்டி ஜெயிக்கிற நேரத்தில் யாராவது இப்படி அழுது தோற்பார்களா? திரும்பும் பஸ்ஸில் அத்தை என் தோளில் சாய்ந்து, வாயைப் பிளந்து, எர்ணாவூர் வரை குறட்டை விட்டுக்கொண்டு வந்தார். தோற்றுப்போனவருக்கு எப்படித்தான் தூக்கம் வருகிறதோ என்று நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.