முதுகுக்குப் பின்னால் ஓடிய படம்

இருபத்தாறு வருடங்களில் அவர் போகாத படம் இல்லை. ஆனால் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கையிலுள்ள எண்ணும் கருவியைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, எதிரே உட்கார்ந்திருக்கும் தலைகளை எண்ணுவதுதான் அவர் வேலை. படத்தை வாங்கி வெளியிடும் கம்பெனிக்குத் தியேட்டர்காரர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. முந்நூறு பேர் வந்த காட்சிக்கு இருநூறு பேர் என்று எழுதிவிடுவார்களோ என்ற பயத்தில், தியேட்டருக்கு ஒருவர் என்று தன் ஆளை அனுப்பிவைக்கும். அந்த ஆள் எண்ணிய தலையும் தியேட்டரில் விற்ற டிக்கெட்டும் ஒத்துப்போக வேண்டும். அவருக்கும் ஒரு பெயர் உண்டு. அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் தலையெண்ணி.

சந்தேகம் தொழிலால் வந்ததா, பிறவியிலேயே வந்ததா என்பதை அவரே சொல்ல முடியாது. தொழிலில் அது சோறு போட்டது, அது மட்டும் உண்மை. ஒரு தியேட்டரில் கழிவறைப் பக்கத்துக் கதவு வழியாக ஆள் உள்ளே வருவதை, கழிவறைக்குப் போனவர்களைவிடத் திரும்பி வந்தவர்கள் அதிகம் என்பதை வைத்துப் பிடித்தார். இன்னொரு தியேட்டரில் நடைபாதையில் நாற்காலி போட்டு டிக்கெட் இல்லாமல் கூட்டம் ஏற்றியதை, காலிக் கூடத்தின் கம்பளத்தில் பதிந்திருந்த நான்கு நான்கு குழிகளைப் பார்த்தே கண்டுபிடித்தார். மேனேஜர்கள் அவரைக் கண்டால் தேநீர் வாங்கிக் கொடுப்பார்கள். குடிக்க மாட்டார். தேநீருக்குள் என்ன இருக்கும் என்ற சந்தேகம் இல்லை. தேநீருக்குப் பின்னால் என்ன இருக்கும் என்ற சந்தேகம்.

வெளியில் இந்தக் குணத்துக்குச் சம்பளம் கிடைத்தது. வீட்டில் அதை இனாமாக வழங்கினார். கேஸ் தீர்ந்துவிட்டது என்று மனைவி சொன்னால் சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பார். தலைவலி என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், அன்பினால் அல்ல. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில் நன்றாக இருப்பதாகச் சொன்னால், "உண்மையாவே நல்லா இருக்கியா?" என்று இன்னொரு தடவை கேட்பார்.

"இல்லப்பா, பொய்யா நல்லா இருக்கேன்" என்பாள் அவள்.

தன் விஷயத்தை மட்டும் யாரிடமும் மூச்சுவிட மாட்டார். இன்று எந்த ஊர், எந்தத் தியேட்டர் என்பது கட்டிய மனைவிக்கும் தெரியாது. சுவருக்கும் காது உண்டு, மேனேஜருக்குச் செய்தி போய்விடும் என்பது அவர் கட்சி. மனைவியும் முதல் இரண்டு வருடம் கேட்டுப் பார்த்தாள், அப்புறம் விட்டுவிட்டாள்.

இப்படிப்பட்டவரின் பிழைப்பில்தான் அந்த முகமூடிப் படங்கள் வந்து விழுந்தன. பறக்கிறவன், சுவரில் ஏறுகிறவன், கையால் ரயிலை நிறுத்துகிறவன். சின்னப் பிள்ளைகள் புத்தகத்தில் படம் பார்த்துச் சிரிக்கிற சமாச்சாரம் என்றுதான் முதலில் நினைத்தார். வந்த கூட்டமோ வேறு. நரைத்த தலைகள், வழுக்கைகள், அலுவலகப் பையோடு தனியாக வரும் ஆண்கள், பார்த்த படத்தையே மறுவாரமும் பார்க்க வரும் பெண்கள். காதல் படத்தில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், பேய்ப் படத்தில் கண்ணை மூடுவார்கள், இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இந்தப் படங்களில் மட்டும் எல்லா முகமும் வாயைப் பிளந்துகொண்டு ஒரே மாதிரி ஆகிவிடும். ஒருவரும் கழிவறைக்குக்கூடப் போவதில்லை. இவ்வளவு வயதான முகங்கள் இவ்வளவு சுலபமாக எதையும் நம்பி அவர் பார்த்ததில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று அடித்துச் சொன்னார்.

அந்தச் சூதைப் பிடித்துவிட்டதாக ஒருமுறை குதிக்கவும் செய்தார். படம் முடிந்து, வேலை செய்தவர்களின் பெயர்கள் ஓடுகின்றன, கூட்டமோ எழுந்திருக்கவில்லை. ஆட்களை உள்ளேயே வைத்திருந்து, அதே டிக்கெட்டில் அடுத்த காட்சியையும் ஓட்டப்போகிறார்கள் என்று முடிவுகட்டினார். வாசலை மறித்து நின்றுகொண்டு கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டார். பெயரெல்லாம் ஓடி முடிந்த பிறகு கடைசியில் ஒரு நிமிடக் காட்சி வரும், அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலாளிதான் விளக்கினார். "படத்த வித்த எனக்குத் தெரியுது, படத்துலயே குடியிருக்கிற உனக்குத் தெரியலயேய்யா" என்றார். தலையெண்ணிக்கு அவமானமாகிவிட்டது. அதிலிருந்து முகமூடிப் படம் என்றாலே அவருக்கு இரட்டைச் சந்தேகம்.

சொந்த ஊர்த் தியேட்டருக்கு எந்தக் கம்பெனியும் ஆள் போடாது. தெரிந்த முகம், தயவு தாட்சண்யம் வந்துவிடும். ஆனால் இந்த வருடம் வந்த முகமூடிப் படம் ஒரே நாளில் அத்தனை தியேட்டர்களில் இறங்கியது. கம்பெனியில் ஆள் போதவில்லை. அவர் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளியிருந்த தியேட்டருக்கு அவரையே போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் சொன்னாரா? சொல்லவில்லை. வழக்கம்போல விடியற்காலையிலேயே பையை மாட்டிக்கொண்டு, பஸ் நிலையம் வரை போய், சுற்றிக்கொண்டு வந்தார்.

முதல் வாரம் எல்லாம் சரியாக இருந்தது, புதன்கிழமை மதியக் காட்சி தவிர. அன்று ஒரு தலை கூடுதல். பிரகாசமான காட்சி வரும்போது திரை வெளிச்சம் முகங்களில் விழும், அப்போது வரிசை வரிசையாக எண்ணுவார். புரொஜெக்டர் அறைக்குக் கீழே இருக்கும் கடைசி வரிசையில் மட்டும் வெறும் நிழல்தான் தெரியும். இரண்டு தடவை எண்ணினார், இரண்டு தடவையும் ஒன்று கூடியது. படம் முடிந்ததும் முன்வாசலில் நின்று எண்ணினால் சரியாக இருக்கிறது.

"உங்களையும் சேத்து எண்ணிட்டீங்களோ சார்?" என்று மேனேஜர் சிரித்தார்.

இருபத்தாறு வருட நெஞ்சில் முள் குத்தியது. அந்த வாரம் எதுவும் எழுதாமல் விட்டார். அடுத்த புதன்கிழமைக்குக் காத்திருந்தார். தலை ஒன்றுதானே என்று விடுகிறவர் அல்ல அவர். ஒரு எறும்பு வந்த வழியில்தான் ஓராயிரம் எறும்பு வரும்.

அடுத்த புதன்கிழமை மதியம் விற்ற டிக்கெட் இருநூற்றுப் பதின்மூன்று. எண்ணியதோ இருநூற்றுப் பதினான்கு. இருக்கை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகச் சரிபார்த்தார். கடைசி வரிசையில் விற்றது ஆறு, உட்கார்ந்திருப்பது ஏழு. ஆளை இடம்காட்டி உட்காரவைக்கும் பெண்மணி பக்கவாட்டுக் கதவருகே நின்றிருந்தார். ஊரே அவரை டார்ச் அக்கா என்று கூப்பிடும். தலையெண்ணி படியேறுவதைப் பார்த்ததும் டார்ச் அக்காவின் கையிலிருந்த விளக்கு அணைந்தது. சரி, இவள்தான் கள்ளி என்று மனதுக்குள் எழுதிக்கொண்டார்.

கடைசி வரிசை ஓரத்தில் ஒரு பெண். பக்கத்து இருக்கை காலி, அதில் அவள் பை. திரையில் எதுவோ வெடித்து, வெளிச்சம் அங்கே வரை வந்தது. அவள் வாயைத் திறந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று யோசித்தார். ஒரு நிமிடம் யோசித்தார். அப்புறம்தான் அது தன் மனைவி என்று தெரிந்தது.

முதலில் வந்தது கோபம்கூட இல்லை, கணக்கு. பக்கத்தில் ஒரு இருக்கை காலி. பை வைத்து இடம் பிடித்திருக்கிறாள். அப்படியானால் யாரோ வரப்போகிறான். அங்கேயே சுவரோடு சாய்ந்து நின்றார். கால் மணி நேரம் போயிற்று. இடைவேளை விளக்கும் போட்டார்கள். ஒருவரும் வரவில்லை. அவள்தான் திரும்பிப் பார்த்தாள்.

கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரு வருவாங்கன்னு பாக்குறீங்க?"

அவர் பார்வை காலி இருக்கைக்கே போனது.

"யாரும் வரல. நாலு வருஷமா யாரும் வரல."

"நாலு வருஷமா?" என்றார். "டிக்கெட் இல்லாமலா?"

"மொத தடவ டிக்கெட் எடுத்துத்தான் வந்தேன். அந்தத் துண்ட என் பையிலேர்ந்து எடுத்துட்டு மூணு நாள் விசாரிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? யாரோட போனே, எதுக்குப் போனே, எத்தன மணிக்கு வந்தேன்னு? மறுபடி வாசல்ல வந்து நின்னேன், டிக்கெட் எடுக்கப் பயமா இருந்தது. அக்காதான் பாத்துட்டு, துண்டு இருந்தாத்தானே தேடுவாரு, பக்கவாட்டுக் கதவு வழியா சும்மா வந்துட்டுப் போங்கன்னாங்க."

"போன வாரமும் இங்கதான் நின்னேன். என்னப் பாக்கலயா நீ?"

"உங்கள யாரு பாத்தா? நான் படத்தப் பாத்துட்டிருந்தேன்."

"இந்தப் படத்துல என்னதான் இருக்கு?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். இத்தனை வருடமாக அத்தனை முகங்களையும் பார்த்துக் கேட்க நினைத்த கேள்வி அது.

அவள் யோசித்தாள். "அதுல ஒருத்தன் ஓடி வந்து, உலகம் அழியப்போகுதுன்னு சொல்றான். எல்லாரும் உடனே நம்பிடுறாங்க. யாரும் உலகத்தத் தூக்கி ஆட்டிப் பாக்கல." அப்புறம் சொன்னாள்: "நம்ம வீட்ல கேஸ் தீந்துச்சுன்னாக்கூட நான் சாட்சி வெக்கணும்."

விளக்கு அணைந்தது. அவள் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தலையெண்ணி இருட்டில் படியிறங்கினார். வெட்கம் அவரைத் தின்றது.

மேனேஜர் அறையில் அறிக்கைத் தாள் காத்திருந்தது. டார்ச் அக்கா கதவோரம் நின்றிருந்தார். விஷயம் அதற்குள் மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகத்தில் பாதி பயம், பாதி சந்தோஷம். "ஒரு தலைதானே சார். எழுதாதீங்க. நமக்குள்ள இருக்கட்டும்" என்றார்.

நமக்குள் இருக்கட்டும் என்ற சொல்லின் அர்த்தம் தலையெண்ணிக்குத் தெரியாதா? இன்றைக்கு ஒரு தலையை விட்டால், நாளைக்கு நாற்காலி போடுவார்கள், இவர் வாய் திறக்க முடியாது. உள்ளபடி எழுதினால் டார்ச் அக்காவின் வேலை போய்விடும்.

"என் வேல போனாப் போகுது சார்" என்றார் டார்ச் அக்கா. "வீட்ல போய் அவங்களத் திட்டாதீங்க. அது போதும்."

அவர் பேனாவைத் திறந்தார். விற்ற டிக்கெட் 213. எண்ணிய தலை 214. காரணம் என்ற கட்டத்தில் எழுதினார்: 'கூடுதல் தலை என் மனைவி. நானே உள்ளே அனுப்பினேன்.' இருபத்தாறு வருடத்தில் அந்தத் தாளில் அவர் எழுதிய முதல் பொய் அது. கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். "நீயாய்யா? வேலியே பயிர மேஞ்சா நான் யார்கிட்டப் போறது? இதுவரைக்கும் எத்தன தியேட்டர்ல எத்தன பேர உள்ள விட்டிருக்கே?"

"இது ஒண்ணுதாங்க."

"நம்பச் சொல்றியா?"

முதலாளி நாற்காலியில் தலையெண்ணியே உட்கார்ந்திருந்தாலும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார், அதே மாதிரி நம்பாமல்தான் இருந்திருப்பார். பனைமரத்தடியில் நின்று பால் குடித்தவன் எதைச் சொல்லி நிரூபிப்பான்? வாய்விட்டுச் சொல்கிறேன், கதை சொல்லும் எனக்கு அவர்மேல் அதுவரை பெரிய பிரியம் ஏதும் இல்லை. அந்த இடத்தில் பாவமாகத்தான் இருந்தது. எண்ணும் கருவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தார்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார், எந்தக் கம்பெனி, எந்த முதலாளி, என்ன சொன்னார் என்பது வரை. அவள் நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சொன்னதை அப்படியே நம்பினாள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை, தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய் அழுதார்.

படம் மூன்றாவது வாரமும் ஓடியது. புதன்கிழமை மதியம் இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு அவளோடு போனார். டார்ச் அக்கா கடைசி வரிசைவரை வெளிச்சம் காட்டினார். அந்தக் காலி இருக்கையில் உட்கார்ந்தார். திரையை நேருக்கு நேர் பார்க்கக் கண் கூசியது.

அரைமணி நேரம் கழித்துக் கம்பெனியின் புது ஆள் முன்னால் வந்து, திரைக்கு முதுகைக் காட்டி நின்றார். கட்டைவிரல் அசைவது தெரிந்தது. கடைசி வரிசைக்கு வந்ததும் அந்த ஆளின் பார்வை தலையெண்ணிமேல் கொஞ்சம் அதிகமாகவே தங்கியது. சந்தேகப் பார்வை. அவருக்குத் தெரியாத பார்வையா அது? சட்டென்று இரண்டு டிக்கெட் துண்டுகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"கையக் கீழ போடுங்க" என்று மனைவி இழுத்துவிட்டாள்.

திரையில் ஒரு கட்டிடம் சரிந்துகொண்டிருந்தது. முகமூடி போட்டவன் வந்து இறங்கி, பயந்து நின்றவர்களைத் தன் பின்னால் வரச் சொன்னான். அத்தனை பேரும் போனார்கள்.

தலையெண்ணிக்குப் பொறுக்கவில்லை. குனிந்து, "மூஞ்சியவே காட்ட மாட்டேங்குறானே, இவன நம்பலாமா?" என்று கேட்டார்.

"உங்க முதுக மட்டும் பாத்துக்கிட்டு இத்தன வருஷம் நம்பலயா நான்?" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பேசாமப் பாருங்க."

பேசாமல் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கண் தானாக முன்வரிசைத் தலைகளுக்குப் போய்விட்டது. பதினொன்று வரை எண்ணியவர், பன்னிரண்டாவதை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார்.