அப்பாவுக்கு வாய் கொடுத்தவள்

மருத்துவம் படித்து முடித்துவிட்டு, எல்லோரையும்போல் கிளினிக் திறக்காமல், மருத்துவப் பொறியியல் மேற்படிப்பில் போய் உட்கார்ந்தவளுக்கு விடுதியில் வைத்த பெயர் ரெண்டுங்கெட்டான். டாக்டர்கள் அவளை மெக்கானிக் என்றார்கள். எஞ்சினியர்கள், "தலைவலிக்கு ஒரு மாத்திர எழுதிக் குடுங்க" என்று கை நீட்டினார்கள். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள். அப்பாவைப் பேச வைத்தே தீருவது என்று உள்ளுக்குள் ஒரு வைராக்கியம்.

அப்பா அச்சகத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை வீட்டுக்கு வந்தும் அடங்காது. புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்தபிறகு கழுத்துத் துளை வழியாகத்தான் மூச்சு. கழுத்தில் வைத்துப் பேசும் அதிர்வுக் கருவி ஒன்றை மருத்துவமனையில் கொடுத்தார்கள். ஏற்ற இறக்கமே இல்லாத தகரக் குரல். ஒரு வாரம் பேசிப் பார்த்தார். "வண்டு மாதிரி இருக்கு" என்று யாரோ சிரித்ததும் அதை அலமாரிக்குள் விட்டெறிந்துவிட்டார்.

மகளின் ஆய்வு அங்கேதான் தொடங்கியது. கட்டைவிரல் அழுத்தத்துக்கு ஏற்பக் குரல் ஏறி இறங்க வேண்டும். கேள்வி கேள்வியாகவும் கோபம் கோபமாகவும் கேட்க வேண்டும். தொண்டை அறுவை நிபுணர் ஒருவர், மின்னணுப் பேராசிரியர் ஒருவர் என்று இரண்டு வழிகாட்டிகள். ஒருவர் சரி என்றதை மற்றவர் தப்பென்பார். இரண்டு மாமியாருக்கு நடுவில் மாட்டிய மருமகளாக அலைந்தாள். தன் கழுத்திலேயே வைத்துச் சோதித்துச் சோதித்துத் தோல் கன்றிப்போனது.

ஒருவழியாகக் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். முன்னறையில் அம்மாவின் தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அப்பாவின் சத்தம் அடங்கிய வருடங்களில் முளைத்த வகுப்பு அது. ரேடியோ பாட, பெண்கள் கதை பேசிச் சிரித்தபடி தைப்பார்கள். அப்பா கருவியைக் கழுத்தில் வைத்து அழுத்தினார்.

"யாரு இவளுங்கல்லாம்? இது வீடா, சத்திரமா?"

குரல் அச்சு அசலாக எகிறியது. மகளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. பெண்கள் துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியதை அவள் கவனிக்கவில்லை.

வகுப்பு நின்றது. ரேடியோவும் நின்றது. அடுத்த முறை அவள் வந்தபோது அம்மா சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"உன்ன யாருடி கேட்டா, அவருக்கு வாய் குடுன்னு?"

"என்னம்மா பேசற? மனுஷன் பேச வேணாமா?"

"பேசட்டும். அந்தப் பழைய மிஷின்ல திட்டினா திட்டற மாதிரியே இருக்காது. இது அப்படியா? கூப்பிட்டாலே கைவேலயப் போட்டுட்டு ஓடறேன்." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "ஏத்த எறக்கத்த மட்டும் எடுத்துடு. ரிப்பேர்னு சொல்லிக்கலாம்."

ஒரு கம்பியைக் கத்தரித்தால் போதும். ஆனால் வாய்மொழித் தேர்வு நெருங்கிவிட்டது; தேர்வாளர்கள் முன்னால் பேசிக்காட்டப் போகிறவரே அப்பாதான்.

"பரீட்ச முடியட்டும்மா. அப்புறம் பண்ணித் தரேன்."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. உன் படிப்பு உனக்கு."

தேர்வன்று, குரல் திரும்பியபின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். "என் சம்சாரம் இப்பத்தான் பழையபடி சொன்ன பேச்சக் கேக்கறா" என்றார் அப்பா. அறையே சிரித்துக் கை தட்டியது. அவளும் தட்டினாள்.

அன்று சாயங்காலமே ஸ்க்ரூடிரைவரோடு வீட்டுக்குப் போனாள். தையல் இயந்திரம் கோணிச் சாக்கு சுற்றி வாசலில் நின்றது. அம்மா சித்தி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இப்பவே சரி பண்ணிடறேம்மா."

"வேணாம், விடு. உங்கப்பா வந்ததும் சொன்னாரு. நாலு பேரு கை தட்டின சாமான்."

சித்தி வீட்டில் மறுபடி வகுப்பு நடக்கிறதாம். ஒரு வார்த்தை வந்து பார் என்று அம்மா கூப்பிடவில்லை. அப்பாவுக்குச் சோறு போடுவதும், கழுத்துத் துளையைத் துடைப்பதும், பேட்டரி மாற்றுவதும், திட்டு வாங்குவதும் இப்போது மகள்தான். அவள் செய்த கருவியை ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது. மருத்துவமனையில் அதை நோயாளிகளுக்குப் பொருத்திப் பழக்குவதே அவள் உத்தியோகம். முதல் வார்த்தை வெளியே வரும்போது, கூட வந்திருக்கும் மனைவியின் முகத்தை மட்டும் அவள் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.